தூளியைச் சுருட்டி மேலே கட்டு

அன்பு மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ கேட்டதற்கு நான் அரைகுறையாகத்தான் பதில் சொன்னேன். அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கிற நேரம். படுத்த பிறகு ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. அதனால் எழுதிவிடுகிறேன். எழுதினால் நீயும் மாப்பிள்ளையும் சேர்ந்து படிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை குட்டியோடு விளையாட இரண்டு பிள்ளைகள் வருகிறார்கள், ஒருத்தியின் பத்து மாதத் தம்பியும் கூட வருகிறான் என்றாய். வேளச்சேரியில் மழை விட்டபாடில்லை, பார்க்கில் கால் வைக்க முடியவில்லை, அதனால் வீட்டுக்குள்தான் என்றாய். "ஹாலை எப்படி அலங்கரிக்கட்டும்மா, பலூன் வாங்கட்டுமா?" என்று கேட்டாய். அலங்காரம் எதுவும் வேண்டாம் கண்ணு. இரண்டரை வயதுப் பிள்ளைக்குச் சுவரில் என்ன தொங்குகிறது என்பதில் அக்கறை கிடையாது. தரையில் என்ன கிடக்கிறது, எந்தக் கதவு திறக்கும், எந்த டப்பாவுக்குள் என்ன இருக்கிறது, இதுதான் அதன் உலகம். பலூன் வேண்டவே வேண்டாம். வெடித்த பலூன் துண்டு குழந்தையின் தொண்டையில் போய் ஒட்டிக்கொண்டால் எடுப்பது ரொம்பக் கஷ்டம்.

அங்கன்வாடியில் சேர்ந்த முதல் வருஷம் நான் நாள் முழுக்க "தொடாதே, தொடாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். சாயங்காலம் தொண்டை கட்டிவிடும். பிள்ளைகளும் சிணுங்கிக்கொண்டே இருப்பார்கள். ஒரு நாள் எங்கள் ஆயா, வயதானவர், எழுதப் படிக்கத் தெரியாதவர், சொன்னார்: "அதை எடுத்துப் பரண்ல வெச்சிட்டா நீங்க ஏன் டீச்சர் கத்தணும்?" அன்றைக்கே ஏணி போட்டு ஏறினோம். அதற்குப் பிறகு 27 வருஷம் அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் நான் வேலை பார்த்தேன். உன் ஹாலையும் அப்படித்தான் தயார் செய்ய வேண்டும். அவர்கள் இருக்கும் ஒன்றரை மணி நேரமும் உன் வாயிலிருந்து "தொடாதே" என்ற சொல் வர அவசியமே இருக்கக் கூடாது.

சனிக்கிழமை ராத்திரி குட்டி தூங்கின பிறகு நீங்கள் இரண்டு பேரும் ஹாலில் ஒரு சுற்றுத் தவழ்ந்து வாருங்கள். நிஜமாகவே முட்டி போட்டுத் தவழ வேண்டும். நின்றுகொண்டு பார்த்தால் சோபாவுக்கு அடியில் கிடக்கும் காசு தெரியாது, டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் தொங்கும் சார்ஜர் வயர் தெரியாது. கீழே இருக்கும் பிளக் பாயிண்டுகளுக்கு மூடி கிடைக்கிறது, வாங்கிச் செருகிவிடு. கிச்சன் டிஷ்யூ சுருளின் நடுவில் ஓர் அட்டைக் குழாய் இருக்கும் இல்லையா, அதைக் கையில் எடுத்துக்கொள். அந்தக் குழாய்க்குள் நுழைகிற எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது. ரிமோட்டின் பேட்டரி மூடி தளர்ந்திருந்தால் டேப் ஒட்டு. பொத்தான் மாதிரி வட்டமான பேட்டரி போட்ட பொம்மை, விளக்கு எரிகிற செருப்பு, பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை எல்லாவற்றையும் எடுத்துப் பூட்டிவிடு. அந்தப் பேட்டரி உணவுக் குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே சதையை அரித்துவிடும். பிள்ளை விழுங்கியிருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வாந்தி எடுக்க வைத்துப் பார்ப்பது, மலத்தோடு வந்துவிடும் என்று காத்திருப்பது, இரண்டும் கூடாது.

உன் கல்யாணத்துக்கு நான் கொடுத்த பல்லாங்குழியை ஷோகேஸின் கீழ்த்தட்டில் பார்த்தேன், போன முறை வந்தபோது. அதற்குள் குன்றிமணி போட்டு வைத்திருக்கிறாய். சிவப்பும் கறுப்புமாக அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் குன்றிமணி விஷம். ஓடு உடையாமல் முழுசாக உள்ளே போனால் பெரும்பாலும் தப்பிக்கலாம், கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதை இன்றைக்கே வீட்டை விட்டு அப்புறப்படுத்து.

புளியங்கொட்டை பரவாயில்லை என்று நினைக்காதே. உனக்கு மூன்று வயதில் நடந்தது உனக்கு நினைவிருக்காது. பக்கத்து வீட்டுப் பையனோடு நீ திண்ணையில் பல்லாங்குழி வைத்து விளையாடிக்கொண்டிருந்தாய். நான் உள்ளே மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் வரவில்லை, சமர்த்தாக விளையாடுகிறீர்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவன் ஒரு புளியங்கொட்டையை மூக்கில் போட்டுக்கொண்டது யாருக்கும் தெரியாது, அவனும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு பக்கத்து மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகிய பிறகுதான் டாக்டரிடம் கொண்டுபோனார்கள். ஈரத்தில் கொட்டை ஊறிப் பெருத்துவிட்டிருந்தது. கும்பகோணம் வரைக்கும் போய்த்தான் எடுத்தார்கள். அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அதற்கப்புறம் அவன் நம் வீட்டுக்கு வந்ததும் இல்லை. இன்னொருவர் பிள்ளை நம் வீட்டுக்குள் இருக்கும்போது சத்தம் இல்லாவிட்டால் உடனே எழுந்து போய்ப் பார்க்க வேண்டும். இதை நான் வருத்தத்தோடு கற்றுக்கொண்டேன், அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

பூஜை அலமாரி கீழே இருக்கிறது, அதையும் கவனி. கற்பூரமும் கற்கண்டும் பிள்ளைக் கண்ணுக்கு ஒன்றுதான். கற்பூரம் கொஞ்சம் உள்ளே போனாலே குழந்தைக்கு வலிப்பு வரலாம். பீரோவில் போட்டிருக்கும் அந்துருண்டையும் அப்படியே ஆபத்துதான். பினாயில், ஆசிட், கொசுவத்தி மருந்து எல்லாம் பரணுக்குப் போகட்டும், அதுவும் அந்தந்த பாட்டிலிலேயே. கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கிற பழக்கம் உன் வீட்டில் இருக்காது என்று நம்புகிறேன்.

பாத்ரூம் வாளியைக் கவிழ்த்து வை. தண்ணீர் வராத நாளுக்கு என்று பிடித்து வைக்கிற பழக்கம் நம் ஊரில் எல்லோருக்கும் உண்டு, உனக்கும் உண்டு. அன்றைக்கு மட்டும் வேண்டாம். நாலு விரல் தண்ணீர் இருந்தாலே, தலைகுப்புற விழுந்த குழந்தைக்கு எழத் தெரியாது. பாத்ரூம் தாழ்ப்பாளை உள்பக்கம் போட முடியாதபடி ஒரு துணியைக் கட்டிவிடு. ஹால் கதவின் மேல்பக்கம் பழைய துண்டு ஒன்றை மடித்துப் போட்டால் காற்றில் அடித்துச் சாத்தாது, விரல் நசுங்காது. பால்கனிக் கதவு பூட்டியே இருக்கட்டும். அங்கே இருக்கும் மோடாவை உள்ளே கொண்டுவா. அதில் ஏறினால் கைப்பிடிச் சுவர் மார்பளவுக்கு வந்துவிடும், நீ இருப்பது மூன்றாவது மாடி.

தூளியைச் சுருட்டி மேலே கட்டு. குட்டிக்கு மத்தியானத் தூக்கத்துக்கு அது வேண்டும், அவிழ்க்கச் சொல்லவில்லை. ஆனால் மூன்று பிள்ளைகள் சேர்ந்தால் தூளிதான் முதல் விளையாட்டு. ஒருவரை உட்கார வைத்து இன்னொருவர் சுற்றுவார்கள். சேலை முறுக்கிக் கயிறு மாதிரி ஆகிவிடும். கழுத்து உள்ளே மாட்டிக்கொண்டால் பிள்ளையால் கத்தக்கூட முடியாது. மேலே எட்டாத உயரத்தில் முடிந்து வைத்துவிட்டுப் படுக்கையறைக் கதவையும் சாத்திவிடு.

வருகிறவர்களின் கைப்பையை யாரும் நினைப்பதே இல்லை. அதில் மாத்திரை இருக்கும், சில்லறை இருக்கும், ஹேர்பின் இருக்கும். வந்தவுடன் வாங்கி உயரமான இடத்தில் வை. இரும்புச் சத்து மாத்திரை மிட்டாய் மாதிரி நிறமாக இருக்கும். நாலைந்து விழுங்கினால் சின்னப் பிள்ளைக்கு அது விஷம்.

சரி, பயமுறுத்தியது போதும்.

விளையாட்டுச் சாமான் விஷயத்துக்கு வருகிறேன். குட்டி தன் பொம்மையைக் கொடுக்க மாட்டேன் என்று அழுவானே என்றாய். அழத்தான் செய்வான். இரண்டரை வயதில் "என்னுது" என்பதே இப்போதுதான் புரிய ஆரம்பித்திருக்கிறது, அதற்குள் கொடு என்றால் எப்படிக் கொடுப்பான்? காலையிலேயே அவனைக் கூப்பிட்டு, "எதையெல்லாம் யாருக்கும் கொடுக்க வேண்டாம்?" என்று கேள். இரண்டோ மூன்றோ எடுத்துத் தருவான். அந்த மஞ்சள் லாரி கண்டிப்பாக இருக்கும். அவன் கண் முன்னாலேயே பீரோவில் வைத்துப் பூட்டு. தன்னுடையது பத்திரமாக இருக்கிறது என்று தெரிந்தால் மற்றதை விட்டுக்கொடுக்க அவனுக்கு மனசு வரும்.

வெளியே எடுத்து வைப்பது கொஞ்சமாக இருக்கட்டும். எதுவாக இருந்தாலும் ஒரே மாதிரி இரண்டு மூன்று. மூன்று டம்ளர், மூன்று மரக்கரண்டி, ஒரே நிறத்தில் மூன்று பந்து. நிறம் மாறினால் சண்டை நிச்சயம். என் பழைய சுங்குடிச் சேலையைச் சோபாவுக்கும் கட்டிலுக்கும் நடுவே கட்டிக் கூடாரம் போடு. கோதுமை மாவில் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிசைந்து ஒன்றில் மஞ்சள், ஒன்றில் பீட்ரூட் சாறு சேர்த்துக் கொடு. கெடாமல் இருக்க நிறைய உப்புப் போடச் சொல்வார்கள். நீ போடாதே, வாயில் வைப்பார்கள், அவ்வளவு உப்பு ஆகாது. அன்றைக்குப் பிசைந்ததை அன்றைக்கே கொட்டிவிடு. டிவியை அணைத்து வை.

அவர்கள் சேர்ந்து விளையாடவில்லையே என்று கவலைப்படாதே. இந்த வயதில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் வேலையைப் பார்ப்பார்கள், நடுவில் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பார்கள். அமெரிக்காவில் மில்ட்ரெட் பார்ட்டன் என்ற ஆய்வாளர் 1932-லேயே இதைக் கவனித்து எழுதியிருக்கிறார். எங்கள் அங்கன்வாடிப் பாயில் நான் தினமும் பார்த்ததும் அதுதான். அதுவும் சேர்ந்து விளையாடுவதுதான் கண்ணு. ஒருவரை ஒருவர் கடித்துவிட்டால், அடிபட்ட பிள்ளையை முதலில் தூக்கு. கடித்தது நம் குட்டியாக இருந்தால் எல்லோர் முன்னாலும் "சாரி சொல்லு" என்று நெருக்காதே. கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொள், போதும்.

பத்து மாதப் பிள்ளைக்குத் தனியாக ஒரு பாய், பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே. அவன் அம்மா உட்காரட்டும், நீ மற்ற மூவரையும் பார். ஆசையாக அவன் நாக்கில் தேன் தடவிவிடாதே, ஒரு வயது ஆகாத பிள்ளைக்குத் தேன் கூடாது.

அந்த அம்மாக்களிடம் முன்கூட்டியே போன் பண்ணிப் பிள்ளைக்கு எது ஒத்துக்கொள்ளாது என்று கேள். கடலை, முட்டை, பால், எதுவானாலும். ஜுர வலிப்பு வந்த பிள்ளையா என்றும் கேட்டுக்கொள். கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்கள், சந்தோஷப்படுவார்கள். தின்ன முறுக்கு, பாப்கார்ன், வறுத்த கடலை வேண்டாம். திராட்சை வைத்தால் நீளவாக்கில் நாலாக வெட்டு. இட்லி, வாழைப்பழம், சத்துமாவுக் கொழுக்கட்டை போதும். எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடட்டும், ஓடிக்கொண்டு வாயில் எதுவும் வேண்டாம். அவர்கள் வருவதற்கு முன்பே சமையலை முடித்துவிடு. சூடான காபியைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகள் நடுவே உட்காராதே. அப்படியும் எங்காவது சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும். இங்க், பேஸ்ட், மாவு எதுவும் தடவக் கூடாது. 108-ஐ ஃபிரிட்ஜ் மேல் பெரிதாக எழுதி ஒட்டு. பதற்றத்தில் தெரிந்த நம்பரும் மறந்துபோகும்.

பத்து மணிக்கு வரச் சொல், பதினொன்றரைக்கு அனுப்பிவிடு. தூக்கம் வருவதற்கு முன்னால் முடிந்துவிட வேண்டும்.

உன் மரச் சொப்புச் சாமான்களை நாளைக்கு பார்சலில் அனுப்புகிறேன். நன்றாகத் துடைத்து வெயில் காட்டிவிட்டேன், சாயம் போகவில்லை. ஒவ்வொன்றையும் அட்டைக் குழாயில் போட்டும் பார்த்தேன். இட்லிப் பானை மூடியும் சின்ன விளக்கும் உள்ளே விழுந்துவிட்டன. அவை இரண்டையும் இங்கேயே வைத்துக்கொண்டேன். குட்டிக்கு ஐந்து வயதானதும் வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்,
அம்மா