நோட்டீஸின் அடியில் எங்கள் பெயர்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

ராயபுரம், மார்ச் 2024

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கல்யாணப் பத்திரிகை, பில் புக், மஞ்சள் நீராட்டு அழைப்பிதழ், கண்ணீர் அஞ்சலி என்று நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் எங்கள் அப்பா காலத்திலிருந்து கல்மண்டபம் பக்கம் வந்து போகிறவர்கள் நீங்கள். விலையைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது, தாமதத்தைப் பற்றியும்தான். ஆனால் அதற்கு முன்னால் வாட்ஸ்அப்பில் சுற்றும் அந்தப் படத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன்.

ஒரு கட்சியின் தேர்தல் நோட்டீஸ். அதன் அடியில் எங்கள் அச்சகத்தின் பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "கடைக்காரர் எந்தப் பக்கம் என்று தெரிந்துவிட்டது, இதனால்தான் நம் வேலையெல்லாம் தள்ளிப்போகிறது" என்று ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார். தெரு குரூப்பில் ஆரம்பித்து, காசிமேடு, தண்டையார்பேட்டை என்று போய், கடைசியில் திருவொற்றியூரில் இருக்கும் என் மச்சான் எனக்கே அனுப்பி, "என்னய்யா இது?" என்று கேட்கிறார்.

அந்தப் பெயரை நான் ஆசைப்பட்டுப் போடவில்லை. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 127ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. தேர்தல் நோட்டீஸோ போஸ்டரோ எதுவானாலும், அச்சிட்டவர் பெயர், வெளியிட்டவர் பெயர், இருவரின் முகவரி எல்லாம் அதன் முன்பக்கத்திலேயே இருக்க வேண்டும். வெளியிடுகிறவர் தன் கையெழுத்துப் போட்ட உறுதிமொழியை இரண்டு பிரதி கொடுக்க வேண்டும். அவரைத் தெரிந்த இரண்டு பேர் அதில் சான்றொப்பம் போட வேண்டும். அச்சடித்த பிறகு அந்த உறுதிமொழியின் ஒரு பிரதியையும் நோட்டீஸின் ஒரு பிரதியையும் நாங்கள் அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பெயர் இல்லாமல் அடித்துத் தாருங்கள் என்று கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் எவர் வேலையையாவது நான் எடுத்திருந்தால் சிவப்பு வட்டம் போட அங்கே பெயரே இருந்திருக்காது.

எதிர்த்தரப்பு நோட்டீஸும் இதே மிஷினில்தான் ஓடியது. அதன் அடியிலும் அதே பெயர், அதே முகவரி. அதை யாரும் படம் எடுக்கவில்லை. சந்தேகம் இருப்பவர்கள் கடைக்கு வாருங்கள், இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறேன்.

இரண்டுக்கும் ப்ரூஃப் பார்த்தவன் என்பதால் இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. ஒன்றில், ஒரே நாடு ஒரே வரியால் சிறு வியாபாரி தலைநிமிர்ந்தான் என்று இருக்கிறது. மற்றதில், அதே வரியால் சிறு வியாபாரி நடுத்தெருவுக்கு வந்தான் என்று இருக்கிறது. நான் இன்னும் தலையும் நிமிரவில்லை, நடுத்தெருவுக்கும் வரவில்லை. என் பில்லில் அந்த வரி, அதாவது ஜிஎஸ்டி, 18 சதவீதம் ஏன் என்று நீங்கள் கேட்பதற்கு மட்டும் இரண்டு நோட்டீஸிலும் பதில் இல்லை.

அந்தப் பதிலை நானே சொல்கிறேன். அச்சடித்த அட்டை, கேட்டலாக் போன்றவற்றுக்கு 12 ஆக இருந்த ஜிஎஸ்டி 2021 அக்டோபரில் 18 ஆனது. அச்சு மைக்கு 2022 ஜூலையில் 12 போய் 18 வந்தது. கம்பெனிக்காரர் என்றால் அந்த வரியைத் தன் கணக்கில் கழித்துக்கொள்வார். மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர் எதில் கழிப்பார்? முழுதும் அவர் கையை விட்டுத்தான் போகிறது. அது நான் வாங்கி அரசாங்கத்துக்குக் கட்டுகிற பணம், என் கல்லாவில் தங்குவதில்லை. விகிதங்களைச் சீரமைக்க 2021-லேயே அமைச்சர்கள் குழு போட்டார்கள். 2024 தேர்தலே வந்துவிட்டது, முடிவு வரவில்லை. பெட்ரோலும் டீசலும் ஜிஎஸ்டிக்குள் வருமா என்ற பேச்சுக்கும் 2017-லிருந்து அதே கதிதான். தேர்தல் தேதி அறிவிப்பதற்கு முன்பு மத்திய அரசின் எண்ணெய் நிறுவனங்கள் லிட்டருக்கு 2 ரூபாய் குறைத்தன. திமுக அறிக்கையில் பெட்ரோல் 75, டீசல் 65 என்று வாக்குறுதி. இரண்டையும் சொல்லிவிட்டேன், நாளைக்கு இதற்கும் வட்டம் போடாதீர்கள். ஆண்டர்சன் தெருவிலிருந்து ரீம் ஏற்றி வருகிற வண்டிக்காரர் இன்றைய டீசல் விலைக்குத்தான் வாடகை கேட்கிறார்.

பெரிய இடத்து வேலைகள் குறைந்ததற்கும் ஒரு காரணம் உண்டு. சிறு நிறுவனத்துக்குத் தர வேண்டிய பணத்தை, ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளுக்குள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் தராதவர்கள் அந்தச் செலவை அந்த ஆண்டு வருமானவரிக் கணக்கில் கழிக்க முடியாது என்று புது விதி. 2023-24 நிதியாண்டுக் கணக்கிலிருந்தே அது பொருந்தும். நம்மைக் காப்பாற்றத்தான் கொண்டுவந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் லேபிள் வேலை தந்துகொண்டிருந்த ஒரு கம்பெனி, "உங்கள் உத்யம் பதிவை ரத்து செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் வேறு இடம் பார்க்கிறோம்" என்று போனில் சொன்னது. நாங்கள் சிறு நிறுவனம் என்பதற்கான அரசுப் பதிவு அது; அது இல்லாவிட்டால் அவர்களுக்கு இந்த விதித் தொல்லை இல்லை. மறுத்துவிட்டேன். வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த நேரம் பார்த்து எங்கள் மிஷின்மேனும் போய்விட்டார். தேர்தல் சீசனுக்கு இரட்டைச் சம்பளம் தருவதாக ஒரு பெரிய அச்சகம் கூப்பிட்டது. அவர் மேல் எனக்கு வருத்தமில்லை, பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியவர். இப்போது மிஷினில் நானே நிற்கிறேன், என் தம்பி கட்டிங் பார்க்கிறான். ஏப்ரல் 19 வாக்குப்பதிவு வரை வேலைகள் சில நாள் பின்தங்கும். ஏப்ரல் 1 முதல் முழுத்தொகையும் முன்பணம், கடன் கணக்கு இல்லை.

பணமாகக் கொண்டுவருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தேர்தல் நேரம் என்பதால் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வைத்திருந்தால் பறக்கும் படை கணக்குக் கேட்கிறது. பொன்னேரி, மீஞ்சூர் பக்கமிருந்து வருகிற வியாபாரிகள் எங்கள் எஸ்டிமேட் ஸ்லிப்பைக் கையில் வைத்திருங்கள், அல்லது ஜிபேயில் போட்டுவிடுங்கள்.

டிசம்பர் புயலில் கடைக்குள் தண்ணீர் வந்து பேப்பர் கட்டுகள் ஊறிப்போனபோது, கேட்காமலே வந்து ரீம்களைத் தூக்கி மேலே வைத்தவர்கள் நீங்கள். நனைந்த அழைப்பிதழ் ஆர்டருக்குப் பணம் திருப்பிக் கேட்காமல், "மெதுவாக அடித்துக் கொடுங்கள் அண்ணே" என்று சொல்லிப் போனவர்களும் உண்டு. சிவகாசியில் மலிவு என்று தெரிந்தும் இங்கேயே வருகிறீர்கள். அந்த நன்றி எனக்கு எப்போதும் உண்டு. அதனால்தான் அந்தப் படம் இவ்வளவு சுட்டது.

அந்த குரூப்பில் இருப்பவர்கள் இந்த மடலையும் அங்கே போட்டுவிடுங்கள். அப்புறம், சித்திரை முகூர்த்தக்காரர்கள் தயவுசெய்து ப்ரூஃபை வீட்டில் எல்லோரிடமும் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். பிளேட் போட்ட பிறகு தாய்மாமன் பெயர் விட்டுப்போச்சு என்று வந்தால், இந்த ஒரு மாதம் என்னால் முடியாது.

இப்படிக்கு,
உங்கள் அச்சகத்தார்
கல்மண்டபம், ராயபுரம்