மாம்பழ வைனுக்கு அரசுப் பணம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கிருஷ்ணகிரி மாம்பழத்தில் வைன் தயாரிக்க அரசு மானியம் தரட்டும், மகாராஷ்டிரத்தில் திராட்சை வைனுக்குப் பேர்போன நாசிக்கைப் பாருங்கள் என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். எங்கள் மேல் உள்ள அக்கறையில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் காவேரிப்பட்டணம் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் எனக்கு இந்த யோசனை சரியாகப் படவில்லை.

நாசிக்கையே எடுத்துக்கொள்வோம். மகாராஷ்டிர அரசு 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கென்று ஒரு கொள்கை கொண்டுவந்தது. கலால் வரியைத் தள்ளுபடி செய்தார்கள். நாசிக் பக்கம் விஞ்சூரில் வைன் ஆலைகளுக்கென்றே தொழிற்பேட்டை அமைத்தார்கள். அப்புறம், வைன் மீதான 20 சதவீத விற்பனை வரியில் 16 சதவீதத்தை ஆலைகளுக்கே திருப்பித் தரும் திட்டமும் வந்தது. தொழில் வளர்ந்தது உண்மைதான். ஆனால் 2008-க்குப் பிறகு விற்பனை சரிந்து சரக்கு தேங்கியபோது, வைனுக்கென்றே நட்ட கொடிகளை விவசாயிகள் பலர் வெட்டி எறிய வேண்டியதாயிற்று. வரிச்சலுகையெல்லாம் போய்ச் சேர்ந்தது ஆலைகளின் கணக்கில்.

இங்கே அதிகம் விளைவது பெங்களூரா. கிளிமூக்கு என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் மாம்பழக் கூழ் தயாரிக்கப் போகிற காய். ஜூன், ஜூலையில் எல்லாத் தோப்பிலும் ஒரே நேரத்தில் அறுவடைக்கு வந்துவிடும். கூழ் பேக்டரி வாசலில் டிராக்டர்கள் வரிசையாக நிற்கும். இறக்க ஒரு நாள் தாமதமானால் அடியில் கிடக்கிற காய் நசுங்கிச் சாறு வடியும். எடை போடும்போது அதையும் கழித்துவிடுவார்கள். 2025-ல் கிலோ 4, 5 ரூபாய்க்குக் கேட்டார்கள். பறிகூலியும் வண்டி வாடகையும் போனால் மருந்தடித்த செலவுகூடத் தேறாது. காயை மரத்திலேயே விட்டவர்கள் உண்டு.

அதே சீசனில், ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாய் தர வேண்டும், மேற்கொண்டு 4 ரூபாய் அரசு தரும் என்று ஆந்திரா அறிவித்தது. கர்நாடகத்தில் 2.5 லட்சம் டன் வரை, குவிண்டாலுக்கு (100 கிலோ) 1,616 ரூபாய் என்று அடிப்படை விலை வைத்து, சந்தை விலை அதற்குக் கீழே போனால் அந்த வித்தியாசத்தை மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகத் தர ஏற்பாடானது. பொதுப்பணம் விவசாயி கைக்கு நேராக வருகிற வழி இதுதான்.

வைனில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தமிழ்நாட்டில் மது சில்லறை விற்பனை 2003-லிருந்து டாஸ்மாக்கிடம்தான். அரசு பணம் போட்டு ஆலையை வளர்த்தால், அந்தச் சரக்கைத் தன் கடையிலேயே விற்றுத் தள்ளவும் வேண்டியிருக்கும். 1937-ல் ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது அன்றைய சேலம் மாவட்டத்தில். தருமபுரியும் கிருஷ்ணகிரியும் அப்போது அதற்குள்தான் இருந்தன. அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மதுவிலக்கு நிலைக்கவில்லை, சரி. ஆனாலும் கூலிப் பணம் கடைக்குப் போய்விட்ட வீடுகளில் பெண்கள் படுகிற பாட்டை ஊரில் பார்த்துக்கொண்டே, என் மாங்காயைக் காட்டி இன்னொரு பாட்டிலுக்கு மானியம் கேட்க எனக்கு மனசு வரவில்லை. சொந்த முதலில் யாராவது வைன் ஆலை வைத்தால் அது அவர்கள் பாடு.

மா விலை பற்றிக் கலெக்டர் முன்னிலையில் விவசாயிகளும் கூழ் ஆலைக்காரர்களும் அதிகாரிகளும் பேசும் முத்தரப்புக் கூட்டத்தை, அறுவடை நெருக்கத்தில் வைக்காமல் ஏப்ரலிலேயே வைக்க வேண்டும். பேசிய விலைக்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு ஈடுகட்ட வேண்டும். விவசாயிகளே பங்குதாரர்களாகச் சேர்ந்து நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் சொந்தமாகக் கூழ் ஆலை தொடங்க மானியம் கொடுங்கள். அந்தக் கூழிலிருந்து சாறு எடுத்து, நம் மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சத்துணவோடு கொடுக்கலாம். ஒரு சீசனுக்காவது செய்து பார்க்கட்டும்.

இப்படிக்கு,
மா விவசாயி ஒருவர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.