அட்டையில் இரண்டு மிச்சம்

அருப்புக்கோட்டை
ஞாயிற்றுக்கிழமை மாலை

அன்புள்ள பங்காளிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. மாற்றி வைத்த மூட்டு இப்போது மாடிப்படி ஏறுகிறது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். பென்ஷன் விஷயமும் முடிந்தது, நல்லதாயிற்று. கடைசி வரியில் "சுகர் எப்படி இருக்கு, மாத்திரை ஒழுங்கா போடுறியா" என்று கேட்டிருந்தாய் பார், அதற்குப் பதில் எழுத உட்கார்ந்து இரண்டு தடவை தாளைக் கிழித்துப் போட்டேன். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால் எழுதியே தொலைக்கிறேன்.

எனக்குக் காலையில் இரண்டு மாத்திரை. ஒன்று பெரிசு, மெட்ஃபார்மின். இன்னொன்று பொடிசாக ரோஸ் நிறத்தில் இருக்கும், கிளிமிபிரைடு 2 மில்லிகிராம். இந்தப் பொடிசு எனக்கு ஒத்துக்கொள்வதில்லை. அதைப் போட்டுவிட்டுச் சாப்பாடு கொஞ்சம் தள்ளிப்போனால் கை நடுங்கும், முதுகெல்லாம் வேர்த்துவிடும். இதை டாக்டரிடம் சொல்வதை விட்டுவிட்டு நான் ஒரு கள்ளத்தனம் பழகியிருந்தேன். வெளியே கிளம்புகிற நாளில் மாத்திரையை அட்டையிலிருந்து பிதுக்கி எடுப்பேன். உன் மதினி பார்க்க வாயருகே கொண்டுபோவேன். அப்புறம் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் போட்டுவிடுவேன். அவள் அட்டையை எண்ணுகிற ஆள். அட்டைக் கணக்கு சரியாக இருந்தால் போதும், வீட்டில் நிம்மதி.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மகனும் மருமகளும் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். பொடியனுக்கு இரண்டரை வயது. காலை பத்து மணி இருக்கும், வீடு திடீரென்று அமைதியாக இருந்தது. குழந்தை இருக்கிற வீட்டில் சத்தம் நின்றால் சந்தேகப்பட வேண்டும் என்பது நமக்கு மறந்து எத்தனை வருஷம் ஆகிறது! மகன்தான் எட்டிப் பார்த்தான். கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறான். ஒரு கையில் என் மாத்திரை அட்டை, பக்கத்தில் கண்ணாடிக் கூடு திறந்து கிடக்கிறது. கீழுதட்டில் வெள்ளித்தாள் துணுக்கு ஒட்டியிருக்கிறது. வாயைத் திறக்கச் சொன்னால் நாக்கின் நடுவில் லேசாக ரோஸ்.

"மாத்திரை சாப்பிட்டியாடா?" என்றால் "ஆமா." "சாப்பிடலைதானே?" என்றால் அதற்கும் "ஆமா." எத்தனை என்று கேட்டதற்கு "அஞ்சு" என்றான். அந்த வாரம்தான் அஞ்சு வரை எண்ணப் பழகியிருந்தான். அப்போது அவனுக்கு எல்லாமே அஞ்சுதான்.

உன் மதினி குழந்தையைக் கவிழ்த்துப் போட்டுத் தொண்டைக்குள் விரலை விட்டாள், அவன் கடித்துவிட்டான். எதிர்வீட்டு ஆச்சி ஒரு சொம்பு உப்புத்தண்ணீர் கலக்கிக் கொண்டு ஓடிவந்தார்கள். மருமகள் குளித்த தலையோடு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு நடந்துவிட்டாள். சொம்பு உருண்டு திண்ணையெல்லாம் உப்புத்தண்ணீர். அது உருண்டதே நல்லது என்று அப்புறம் டாக்டரம்மா சொன்னார். உப்பு ரத்தத்தில் ஏறி மூளையைப் பாதிக்குமாம். வாந்தி எடுக்க வைக்கும்போது புரையேறி நுரையீரலுக்கும் போகலாமாம். அரளி விதைக்கு என்னென்னவோ கரைத்து ஊற்றுவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம், கை தானாகவே அங்கேதான் போகிறது.

பக்கத்து வீட்டுக் காரில் விருதுநகருக்குப் போனோம். போனதும் விரல் நுனியில் குத்திச் சர்க்கரை பார்த்தார்கள். 94. எல்லோருக்கும் மூச்சு வந்தது. இரவுப் பணி முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இருந்த ஒரு சின்னப் பெண்தான் டாக்டர். என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை மணிக்கு, குழந்தை எடை எவ்வளவு என்று வரிசையாகக் கேட்டார். எடை பன்னிரண்டு கிலோ, அது தெரியும். என்ன மாத்திரை என்பதிலேயே தடுக்கிவிட்டோம். பதினைந்து மாத்திரை அட்டையில் பத்தைக் கத்தரித்து வாங்குவது என் வழக்கம். பெயர் அச்சடித்த பக்கம் கடையிலேயே தங்கிவிட்டது. நானும் அதைச் 'சின்ன மாத்திரை' என்று மட்டும்தான் சொல்லிப் பழக்கம். கடைசியில் ஆச்சி வீட்டுப் பையன் என் மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான்.

பெயரைப் பார்த்ததும் அந்தப் பெண்ணின் முகம் மாறியது. பெரிய மாத்திரையாக இருந்திருந்தால் இவ்வளவு பயமில்லை, இது கணையத்தைப் பிழிந்து இன்சுலினைக் கொட்ட வைக்கிற ஜாதி என்றார். சர்க்கரை வியாதி இருக்கிறதா இல்லையா என்றெல்லாம் அதற்குத் தெரியாது. இந்த வயசுக் குழந்தைக்கு ஒரு மாத்திரையே ஆபத்துக்குப் போதும்.

"எத்தனை போயிருக்கும்?"

உன் மதினி கணக்குச் சொன்னாள். பத்து வாங்கியது, திங்கள் முதல் இன்று காலை வரை ஏழு போயிற்று, மூன்று இருக்கணும், அட்டையில் இரண்டு மிச்சம். ஆக ஒன்று. டாக்டர் சீட்டில் '1' என்று எழுதினார்.

பங்காளி, அந்த நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் வயிறு என்னவோ செய்கிறது. புதன்கிழமை மாத்திரையும் வெள்ளிக்கிழமை மாத்திரையும் கண்ணாடிக் கூட்டில் இருந்தன. கூடு கட்டிலடியில் திறந்து கிடந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். ஆனால் வாய் வரவில்லை. பக்கத்தில் மருமகள் நிற்கிறாள், மகன் நிற்கிறான், இவள் நிற்கிறாள். ஒன்றுதானே போயிருக்கும், கூட்டில் இருந்தது எங்காவது உருண்டிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று கேட்காதே. ஐந்து நிமிஷம் என்று வைத்துக்கொள்.

அந்தப் பெண்ணுக்கு என்ன தோன்றியதோ, என்னைப் பார்த்து, "ஐயா, நிச்சயமா எத்தனைனு நான் கேக்கலை. அதிகபட்சம் எத்தனை போயிருக்கலாம்? நீங்க கம்மியா சொன்னா நானும் கம்மியா பயப்படுவேன், அவ்வளவுதான்" என்றார். சொல்லிவிட்டேன். கூடு, புதன், வெள்ளி, எல்லாவற்றையும். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. '1' ஐ அடித்துவிட்டுப் பக்கத்தில் '3' என்று எழுதினார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. உன் மதினி என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தமிழ் போதாது.

மத்தியானம் பொடியன் வார்டில் ஓடித் திரிந்தான். இரண்டு மணிக்கு மகன், "நல்லாத்தானே இருக்கான், வீட்டுக்குப் போயிடலாம்" என்று ஆரம்பித்தான். டாக்டரம்மா விடவில்லை. இந்த மாத்திரை பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துக்கூட வேலையைக் காட்டும், ராத்திரி தூக்கத்தில் சர்க்கரை இறங்கினால் வீட்டில் யாருக்கும் தெரியாது, 24 மணி நேரமாவது கண் முன்னால் இருக்கட்டும் என்றார். இது மட்டும்தான் இப்படி என்று இல்லையாம். காய்ச்சலுக்குக் கொடுக்கிற பாராசிட்டமாலை அளவுக்கு மீறிக் குடித்த குழந்தை முதல் நாள் சிரித்து விளையாடும், ஈரல் கெடுவது இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் தெரியும். முறிமருந்து உண்டு, ஆனால் சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கிற சிவப்பு இரும்புச் சத்து மாத்திரை இன்னும் மோசம்: வாந்தி எடுத்து, தெளிந்த மாதிரி இருந்து, பிறகு சாய்த்துவிடும். அந்த மாத்திரை ஒரு அட்டை எங்கள் வீட்டு அலமாரியிலேயே கிடந்தது.

அடுத்த கட்டிலில் ஒரு குழந்தை. தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைத்திருந்த மண்ணெண்ணெயைக் குடித்திருந்தது. வாந்தி எடுக்க வைத்திருக்கிறார்கள், அதிலேயே நெஞ்சுக்குள் போய்விட்டது. அந்தத் தாய் யாரோடும் பேசவில்லை. உன் மதினி தன் விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நான்கு மணிக்கு 78. ஏழு மணிக்கு 71. அவனுக்கு இட்லி ஊட்டினோம், தின்றான். ஒன்பது மணிக்கு மருமகள் தோளில் சாய்ந்து தூங்கினான். நாள் முழுக்க ஓடிய பிள்ளை, தூங்கட்டும் என்றுதான் நினைத்தோம். அவன் பிடரி முடி நனைந்திருந்ததை நான்தான் முதலில் பார்த்தேன். அந்த வேர்வை எனக்குத் தெரியும் பங்காளி. என் முதுகில் வழிகிற அதே வேர்வை. ஓடிப்போய் நர்ஸைக் கூப்பிட்டேன். குத்திப் பார்த்தால் 46.

அப்புறம் நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், ஏறியது. ஒரு மணி நேரத்தில் மறுபடி இறங்கியது. குளுக்கோஸைக் கண்டதும் கணையம் இன்னும் இன்சுலினைக் கொட்டுமாம், அதை அடக்க ஆக்ட்ரியோடைடு என்று ஓர் ஊசி போட்டார்கள். அதற்குப் பிறகுதான் எண் நின்றது. ராத்திரி முழுக்க மணிக்கொரு குத்து. ஒவ்வொரு குத்துக்கும் அவன் "தாத்தா" என்று என்னைப் பார்த்துத்தான் அழுதான். ஏன் என்னை? தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை வீட்டுக்கு வந்தோம். மருமகள் இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் காபியை நீட்டி, "மாமா, உங்களுக்கு அந்த மாத்திரை ஒத்துக்கலைனா டாக்டர்கிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள். அவ்வளவுதான் கேட்டாள். அன்றைக்கே போய்ச் சொன்னேன். 1 மில்லிகிராமாகக் குறைத்திருக்கிறார், நடுக்கம் இல்லை. உன் கேள்விக்கு இதுதான் பதில்.

வீட்டில் இப்போது மருந்தெல்லாம் இரும்பு பீரோவில், சாவி இவள் இடுப்பில். முதலில் பரண் மேல் வைக்கலாம் என்றேன், அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிற அழகைப் பார்த்துவிட்டு அந்த யோசனையை விட்டுவிட்டோம். சாமி அலமாரியில் இருந்த சூடம்கூட பீரோவுக்குப் போய்விட்டது, சூடத்தைத் தின்றால் கொஞ்ச நேரத்திலேயே வலிப்பு வருமாம். காலண்டருக்குப் பக்கத்தில் 108, அதற்குக் கீழே 1800 116 117 என்று எழுதி ஒட்டியிருக்கிறேன். இரண்டாவது, டெல்லி எய்ம்ஸில் இருக்கிற தேசிய விஷத் தகவல் மையம். ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள், காசு கிடையாது. நீயும் எழுதி வை, உனக்கும் பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

உன் மகள் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த மருந்துக் குப்பியைத் திறக்கத் தெரியாமல் என்னிடம் கொடுத்தாயே, அழுத்தித் திருகுவது, ஞாபகம் இருக்கிறதா? அந்த மூடிக்கு அங்கே 1970லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஐந்து வயதுக்குள் இருக்கிற பிள்ளைகளிடம் கொடுத்துப் பத்து நிமிஷம் பார்ப்பார்களாம். நூற்றுக்கு எண்பது பேராவது திறக்க முடியாமல் தோற்க வேண்டும். மிச்சம் இருபது பேர் திறந்துவிடுவார்கள் என்று அதிலேயே ஒப்புக்கொள்கிறார்கள் பார். எங்கள் பொடியனுக்கு அட்டையைக் கிழிக்க நாலு பல் போதுமாக இருந்தது.

அப்புறம் ஒன்று. போன வாரம் அவனுடைய பொம்மை லாரியைத் துடைக்க எடுத்தேன். பின்னால் புளியங்கொட்டை லோடு. கொட்டைகளுக்கு நடுவே ஒரு ரோஸ் மாத்திரை. அப்படியானால் அவன் தின்றது ஒன்றா, இரண்டா? இன்னொன்றைத் தேடி இவள் கட்டிலைப் புரட்டி, மெத்தையைத் தையல் பிரித்தே பார்த்துவிட்டாள். கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் நீ வருகிறாய் அல்லவா, உன் பையை வாசலிலேயே வாங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவாள், கோபித்துக்கொள்ளாதே. குழந்தை முன்னால் மாத்திரை விழுங்கக் கூடாது, பார்த்துப் பழகிவிடும் என்று டாக்டரம்மா சொல்லியிருப்பதால், தினம் காலையில் நானும் இவளும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொள்கிறோம். நான் விழுங்குகிறேன். இவள் "ஆ காட்டுங்க" என்று நாக்குக்கு அடியில் வரை பார்த்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறாள். பேரன் வந்திருக்கும் நாட்களில், தாத்தாவும் ஆச்சியும் உள்ளே என்ன தின்கிறார்கள் என்று வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டே இருக்கிறான்.

உன்,
பழைய பங்காளி