குடையைத் திருப்பிப் பாருங்கள்

அங் மோ கியோ,
சிங்கப்பூர்.

அன்பு நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதமும் படமும் கிடைத்தன. பட்டுக்கோட்டைத் தோப்பில் தென்னையின் அடித்தண்டை ஒட்டி முளைத்திருக்கும் காளானின் பெயரைக் கேட்டிருந்தீர்கள். மேலிருந்து எடுத்த படத்தை மட்டும் பார்த்துப் பெயர் சொல்ல எனக்குத் துணிவில்லை. அதைத் திருப்பிப் பாருங்கள். அடியில் மடிப்புகளே இல்லாமல், ஊசியால் குத்தியது போன்ற நுண்துளைகள் நிறைந்த வெண்பரப்பு இருந்து, நகத்தால் கீறிய இடம் பழுப்பாக மாறி, மேல்தோலும் வார்னிஷ் பூசியது போல மின்னினால், அது பெரும்பாலும் கானோடெர்மாவாக இருக்கும். 1952ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் உங்கள் பகுதித் தென்னைகளில் கண்டறியப்பட்டுத் தஞ்சாவூர் வாடல் நோய் என்றே பெயர் பெற்ற நோய்க்குக் காரணம் அந்தக் காளான்தான். காளான் வெளியே தலைகாட்டும்போது உள்ளே வேர்கள் வெகுவாக அழுகியிருக்கும் என்பதால், அந்த மரத்தைவிட அதன் பக்கத்து மரங்களை நினைத்தே கவலைப்படுகிறேன்.

இங்கே சென்ற மாத மழைக்குப் பிறகு, எங்கள் புளோக்கின் எதிரே தூங்குமூஞ்சி மரத்தடிப் புல்வெளியில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வெண்குடைகள் விரிந்தன. ஊரில் இடி இடித்த மறுநாள் புற்றுக்காளான் பறித்துப் பழகிய பக்கத்து வீட்டு அக்கா, அதே காளான் என்று நம்பி ஒரு கூடை கொண்டுவந்துவிட்டார். ஆனால் காம்பில் வளையம் இருந்தது. காம்பு கரையான் புற்றுக்குள் வேர்போல இறங்கவில்லை. ஒரு குடையைக் காம்பு நீக்கி, வெள்ளைத் தாளின்மேல் கவிழ்த்து, கிண்ணத்தால் மூடி வைத்தோம். காலையில் தாளில் படிந்திருந்த வித்துத்தூள் பச்சையாக இருந்தது. குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ் என்னும் அந்தக் காளானைத் தின்றால் சில மணி நேரத்திலேயே கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பூச்சி அரித்தது நல்லது, வெள்ளிக்காசு கறுக்காவிட்டால் நல்லது என்னும் பழைய சோதனைகளை அருள்கூர்ந்து நம்பாதீர்கள். உயிரையே குடிக்கும் சில காளான்கள் 6 மணி நேரத்துக்கு மேல் எந்த அறிகுறியும் காட்டாமல் இருந்துவிட்டுக் கல்லீரலை அழிக்கின்றன.

நாம் சேர்ந்து நடந்த பூமலையை, அதுதான் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவை, நினைத்துக்கொள்கிறேன். 1929இல் அங்கே பணியில் சேர்ந்த தாவரவியலாளர் கார்னர், விழுந்த கிளைகளில் முளைக்கும் புனல் வடிவக் காளான் ஒன்றை நுண்ணோக்கியின்கீழ் இழை இழையாகப் பிரித்துப் பார்த்து, அதன் உடல் வெவ்வேறு வகை இழைகளால் ஆனது என்று 1932இல் எழுதினார். மரக்காளான்களை வகைப்படுத்துவோர் இன்றும் அந்த இழைகளைத்தான் பார்க்கிறார்கள். மெல்லிய பழுப்பு வளையங்களும் மஞ்சள் பாதமும் கொண்ட அக்காளானை இங்குள்ள காட்டுப் பாதைகளில் காணும்போதெல்லாம் குனிந்து பார்க்காமல் என்னால் கடந்து செல்ல முடிவதில்லை.

அடிப்புறத்தின் படத்தையும், காளான் தண்டில் ஒட்டியிருக்கிறதா அல்லது மண்ணுக்குள் புதைந்த வேரிலிருந்து கிளம்பியிருக்கிறதா என்று தோண்டிப் பார்த்த விவரத்தையும் அனுப்புங்கள். அடித்தண்டில் செம்பழுப்பு நீர் கசிந்தால் என் பதிலுக்குக் காத்திருக்க வேண்டாம். நோய் பக்கத்து மரங்களுக்குப் பரவாதபடி அந்த மரத்தைச் சுற்றி உடனே அகழி வெட்டிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நடைத்தோழன்