மூன்று மாத ஊசி பற்றி கிளினிக்கிலேயே சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டெப்போ புரோவெரா என்ற கர்ப்பத்தடை ஊசியால் மூளைக்கட்டி வந்ததாகச் சொல்லி அமெரிக்கப் பெண்கள் அதைத் தயாரிக்கும் ஃபைசர் நிறுவனத்துக்கு எதிராக வழக்குப் போட்டிருக்கும் செய்தியை வாசித்ததிலிருந்து மனம் ஆறவில்லை, ஏனென்றால் எங்கள் பெண்கள் 'மூன்று மாத ஊசி' என்று சொல்வது இதைத்தான்.

என் மச்சாள் 2008 இல் இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு ஏழு வருடம் விடாமல் இதைப் போட்டவர். மாதவிடாய் நின்றுவிட்டது, உடம்பு வைத்தது, அடிக்கடி தலையிடி. கிளினிக்கில் சொன்னால் "அது அப்படித்தான், பயப்படாதைங்கோ" என்று அனுப்பிவிடுவார்கள். எத்தனை வருடம் போடலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை, அவருக்கும் கேட்கத் தெரியவில்லை. அவருக்குக் கட்டி எதுவும் வரவில்லை, தலையிடிக்கு ஊசிதான் காரணம் என்றும் நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த ஊசி எலும்பின் அடர்த்தியைக் குறைக்கும், வேறு வழி பொருந்தாவிட்டால் ஒழிய இரண்டு வருடத்துக்கு மேல் போடக்கூடாது என்று அமெரிக்காவில் 2004 இலேயே மருந்தின் தாளில் கட்டம் போட்டு எச்சரிக்கை எழுதிவிட்டார்கள். மச்சாள் முதல் ஊசி போட்டதற்கு நாலு வருடம் முன்னரே! அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

கட்டி விஷயம் 2024 மார்ச்சில் வந்த பிரெஞ்சு ஆய்வோடுதான் பெரிதானது. மூளையை மூடியிருக்கும் சவ்வில் வரும் மெனிஞ்சியோமா கட்டிக்குச் சத்திரசிகிச்சை செய்த 18,061 பெண்களை எடுத்துப் பார்த்தார்கள். இந்த ஊசியை ஒரு வருடத்துக்கு மேல் போட்டவர்களுக்கு ஆபத்து சுமார் 5.6 மடங்கு. பயப்பட முன் இதையும் பாருங்கள்: அங்கே இந்த ஊசி போடுபவர்கள் குறைவு, அத்தனை பேரில் ஊசி போட்டவர்கள் 9 பேர்தான். கட்டியும் அரிது, பெரும்பாலும் புற்றுநோயும் இல்லை. என்றாலும் மண்டையோட்டைத் திறந்து எடுக்கவேண்டி வந்தவளுக்கு 'அரிது' என்று சொல்லி என்ன பயன்?

2025 பெப்ரவரியில் அந்த வழக்குகளை எல்லாம் புளோரிடாவின் பென்சகோலா நீதிமன்றத்தில் ஒரே நீதிபதியிடம் சேர்த்தார்கள். பெண்கள் கேட்பது, தெரிந்திருந்தும் ஏன் எங்களுக்குச் சொல்லவில்லை என்பதைத்தான். எச்சரிக்கை சேர்க்கக் கேட்டோம், அமெரிக்க அரசின் மருந்துத் துறைதான் அப்போது விடவில்லை என்பது நிறுவனத்தின் பதில். ஆனால் கனடாவில் அதே மருந்தின் தாளில் இந்தக் கட்டியின் பெயர் முன்னரே இருந்திருக்கிறது.

ஊசியை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. எத்தனையோ பெண்களுக்கு அது உதவிய மருந்து, பயத்தில் பாதியில் விட்டுவிட்டு வேண்டாத கர்ப்பத்தில் அவதிப்படுவதும் நடக்கும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளில் தமிழில் ஒரு தாள் கொடுங்கள், எலும்பையும் கட்டியையும் அதில் எழுதுங்கள், இரண்டு வருடம் ஆனதும் திரும்ப ஒருமுறை உட்கார வைத்துக் கதையுங்கள். பார்வை மங்கினால், தலையிடி விடாமல் இருந்தால் யாரிடம் போவது என்றும் சொல்லுங்கள். குடும்பநல உத்தியோகத்தர்கள் வீடு வீடாக வருகிறவர்கள், அவர்கள் வாயால் சொன்னாலே போதும்.

மச்சாளின் மூத்த மகளுக்குப் போன மாதம்தான் குழந்தை பிறந்தது. அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போகிறேன்.

வாசகி,
கோண்டாவில்