‘வெற்றிகரமாக முடிந்தது’ என்பதற்குப் பிறகு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுநோய் அறுவை சிகிச்சைகள் குறித்துத் தங்கள் நாளிதழில் வரும் செய்திகளைத் தொடர்ந்து படித்துவருகிறேன். அறுவை எத்தனை மணி நேரம் நடந்தது, கட்டியின் எடை எவ்வளவு, எந்த நவீனக் கருவி பயன்பட்டது என்பவை விரிவாக இடம்பெறுகின்றன. ‘சிகிச்சை வெற்றிகரமாக முடிந்தது’ என்ற வரியோடு செய்தியும் முடிந்துவிடுகிறது. ஆனால், அடுத்து வரும் ஒரு மாதத்தில் நோயாளிக்கு என்ன நேர்கிறது என்பதற்கும் அவர் எத்தனை ஆண்டுகள் வாழ்வார் என்பதற்கும் நெருங்கிய தொடர்பு இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்த ஒரு மாதம் நம் செய்திகளில் இடம்பெறுவதே இல்லை.

அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனைகளில் பெருங்குடல், நுரையீரல் உள்ளிட்ட 8 வகைப் பெரிய அறுவைகள் செய்துகொண்ட 1,05,951 பேரைப் பின்தொடர்ந்த ஆய்வொன்று 2005-ல் வெளியானது. நிமோனியா, காயத் தொற்று போன்ற ஏதேனும் ஒரு சிக்கல் 30 நாள்களுக்குள் வந்தவர்களில், சரிபாதிப் பேர் உயிரோடிருந்த கால அளவு 69 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் எல்லோரும் புற்றுநோயாளிகள் அல்லர் என்பது உண்மைதான். எனினும், புற்றுநோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்ட பிந்தைய ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டின. குடலை வெட்டி இணைத்த இடத்தில் கசிவு ஏற்பட்டவர்களுக்குப் புற்று அதே இடத்தில் மீண்டும் தோன்றுவது அதிகம் என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2011-ல் வெளியான பகுப்பாய்வு கண்டறிந்தது.

சிக்கல்தான் ஆயுளைக் குறைக்கிறது என்று இதிலிருந்து உடனே முடிவுகட்டிவிட முடியாது. முதுமை, இதய நோய், முற்றிய கட்டி ஆகியவை உள்ளவர்களுக்கே சிக்கல்களும் அதிகம் வருகின்றன. அவர்களது ஆயுள் குறைவுக்கு அந்தக் காரணங்களே போதுமானவையாகவும் இருக்கலாம். அதனால்தான், அறுவைக்கு முன்பிருந்த உடல்நிலையைக் கணக்கில் கொண்டும், முதல் சில மாதங்களில் இறந்தவர்களை ஒதுக்கிவிட்டும் ஆய்வாளர்கள் மறுபடி கணக்கிட்டுப் பார்க்கிறார்கள். அப்போது வேறுபாடு சுருங்குகிறதே தவிர, பல வகைப் புற்றுநோய்களில் முற்றிலும் மறைந்துவிடுவதில்லை. இதற்கான காரணங்களில் மிகத் தெளிவானது கால தாமதம். காயம் ஆறாதவருக்குக் கீமோதெரபியைத் தொடங்க முடியாது. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயில் அறுவைக்குப் பிந்தைய கீமோதெரபி 4 வாரம் தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் இறப்பு அபாயம் ஏறத்தாழ 14 சதவீதம் கூடுவதாக 2011-ல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு கணித்துள்ளது.

இத்துறையில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது, 84,730 நோயாளிகளை ஆராய்ந்து 2009-ல் வெளியிடப்பட்ட முடிவு. இறப்பு மிகக் குறைவான மருத்துவமனைகளிலும் மிக அதிகமான மருத்துவமனைகளிலும் சிக்கல்கள் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தன: முறையே 26.9, 24.6 சதவீதம். ஆனால், பெரிய சிக்கலுக்கு ஆளானவர்களில் இறந்தவர்கள் முன்னதில் 12.5 சதவீதம், பின்னதில் 21.4 சதவீதம். ஆக, இவ்விரு வகை மருத்துவமனைகளையும் பிரித்துக்காட்டியது சிக்கல் வந்ததா என்பதைவிட, வந்தவரை மீட்க முடிந்ததா என்பதே.

இதை வார்டில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் வியப்பளிக்காது. குடலின் ஒரு பகுதியை அகற்றி இரு முனைகளையும் இணைத்த பின் ஏற்படும் கசிவு, பெரும்பாலும் முதல் நாளில் தெரிவதில்லை. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ நாடித்துடிப்பு 80-லிருந்து 110-க்கு ஏறும். மூச்சு சற்றே வேகமெடுக்கும். வயிறு லேசாக உப்பும். காய்ச்சல் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இரவு 2 மணிக்கு இதைக் குறிப்பேட்டில் எழுதும் செவிலியர், மூத்த மருத்துவரைத் தயங்காமல் அழைக்க முடிகிறதா? அழைத்தால் அவர் வருவாரா? வந்தால் அந்த நேரத்தில் ஸ்கேன் எடுக்கவும், தேவைப்பட்டால் அறுவை அரங்கைத் திறக்கவும் வழியுண்டா? ‘வலியால் இருக்கும், காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று கழியும் 6 மணி நேரத்தில் தொற்று இரத்தத்தில் பரவிவிடக்கூடும். 82 நாடுகளில் 428 மருத்துவமனைகளில் நடத்தப்பட்டு 2021-ல் வெளியான ஆய்வும், வருவாய் குறைந்த நாடுகளில் சிக்கலுக்குப் பின் இறப்போர் விகிதம் மிக அதிகம் என்றே பதிவுசெய்துள்ளது.

முன்கூட்டியே செய்யக்கூடியதும் உண்டு. பெருங்குடல், மலக்குடல் புற்றுநோயாளிகள் 251 பேரிடம் நடத்தி 2023-ல் வெளியிட்ட சோதனையில், அறுவைக்கு முன் 4 வாரம் உடற்பயிற்சி, புரதச்சத்து, மன ஆதரவு, புகைப்பழக்கத்தைக் கைவிட உதவி ஆகியவற்றைப் பெற்றவர்களில் 17.1 சதவீதத்தினருக்கே கடுமையான சிக்கல்கள் வந்தன; மற்றவர்களில் அது 29.7 சதவீதம். நவீன அறுவைக் கருவி எதுவும் இதற்குத் தேவைப்படவில்லை. ஒருவேளை அதனால்தான் இது தலைப்புச் செய்தியாகவில்லை போலும்.

ஆகவே, ஒரு மருத்துவமனையின் சாதனையை வெளியிடும் முன், அதே அறுவையை அங்கே செய்துகொண்டவர்களில் 90 நாள்களுக்குள் இறந்தவர்கள் எத்தனை பேர், மறுபடியும் அறுவை அரங்குக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் எத்தனை பேர், அடுத்தகட்டச் சிகிச்சையை உரிய காலத்தில் தொடங்கியவர்கள் எத்தனை பேர் என்ற கேள்விகளைத் தங்கள் செய்தியாளர்கள் கேட்டு, பதிலையும் சேர்த்து அச்சிட வேண்டுகிறேன். பிறர் கைவிட்ட, நோய் முற்றிய நோயாளிகளை ஏற்கும் மருத்துவமனையின் எண்கள் இயல்பாகவே மோசமாகத் தெரியும். எனவே நோயாளிகளின் வயதையும் நோயின் நிலையையும் அவற்றோடு சேர்த்தே வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர்