ஊர் யாருக்குப் போட்டது என்று ஏன் அறிவிக்கிறீர்கள்?

இந்தியத் தேர்தல் ஆணையத்தின் ஆணையர்களுக்கு,

வணக்கம். தனி ஆளின் ஓட்டு ரகசியம்தான். ஒரு தெருவின் ஓட்டு அப்படி இல்லை. கிராமத்தில் இந்த இரண்டுக்கும் இடையே பெரிய தூரமும் இல்லை.

எண்ணிக்கை மையத்தில் ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு வழக்கமாக 14 மேசை. ஒவ்வொரு சுற்றிலும் மேசைக்கு ஒரு பூத்தின் கன்ட்ரோல் யூனிட், அதாவது வாக்கு இயந்திரத்தில் ஓட்டுகள் பதிவாகியிருக்கும் பகுதி, வரும். முத்திரையையும் வரிசை எண்ணையும் சரிபார்த்து ‘ரிசல்ட்’ பட்டனை அழுத்தினால் வேட்பாளர் வாரியாக ஓட்டு ஒவ்வொன்றாக ஓடும். கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஏஜென்ட்டுகள் அப்படியே எழுதிக்கொள்வார்கள். பிறகு இறுதி முடிவுத் தாளான படிவம் 20-இல் அதே கணக்கை நீங்களே பூத் வாரியாக வெளியிடுகிறீர்கள்.

வாக்குப்பதிவு அன்று வந்தவர்களுக்கு டிக் அடித்த பட்டியல் ஏற்கெனவே கட்சிக்காரர் கையில் இருக்கிறது. 600 ஓட்டுள்ள பூத்தில் 450 பதிவாகி, 400 ஒரே சின்னத்துக்கு விழுந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 50 யார் வீட்டு ஓட்டு என்பதை டீக்கடை பெஞ்சிலேயே பிரித்துவிடுவார்கள். ஊரோடு ஒத்துப்போக முடியாதவருக்கு அன்று வெளியூர் போய்விடுவதே பாதுகாப்பு. பதிவு சதவீதம் குறைந்த பூத்துகளுக்கு விழிப்புணர்வுக் கோலப்போட்டி நடத்துகிறீர்கள். நடத்துங்கள், ஆனால் இந்தப் பயம் கோலத்தால் போகாது.

2019-இல் அன்றைய மத்திய அமைச்சர் மேனகா காந்தி, தன் கட்சிக்கு 80 சதவீதம் ஓட்டுப் போட்ட கிராமம் ‘ஏ’, 60 என்றால் ‘பி’ என்று தரம் பிரித்து, அந்த வரிசையில்தான் வேலை நடக்கும் என மேடையிலேயே பேசினார். நீங்கள் கண்டித்தீர்கள். பூத் வாரிக் கணக்கு கையில் இல்லாமல் அந்தத் தரம் பிரிக்கவே முடியாது.

வாக்குச்சீட்டுக் காலத்தில் இதற்கு வழி இருந்தது. மிரட்டலுக்கு வாய்ப்புள்ள தொகுதிகளில் சீட்டுகளைக் கலந்து எண்ண 1961 தேர்தல் நடத்தை விதிகளின் 59ஏ விதி இடம் கொடுத்தது. இயந்திரம் வந்ததும் அது கைவிட்டுப் போனது. 14 இயந்திரங்களின் ஓட்டைச் சேர்த்து மொத்தமாக மட்டும் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியை 2008-இலேயே நீங்கள் முன்மொழிந்தீர்கள். 2015-இல் சட்ட ஆணையமும் தன் 255-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. பூத் கணக்கு தெரிந்தால்தான் எங்கே பின்தங்கினோம் என்று பார்த்துக் கட்சிகள் வேலை செய்யும் என்று மத்திய அரசு மறுத்துவிட்டது. பின்தங்கிய இடத்தில் கூடுதல் வேலை நடக்கிறதா, குழாயில் தண்ணீர் நிற்கிறதா என்பதைக் கிராமத்தில் வந்து கேட்கட்டும்.

ஊர்த்தெருவையும் காலனியையும் வாக்காளர் பட்டியலின் ஒரே பாகத்தில், அதாவது ஒரே பூத்தில், சேர்த்துவிட்டால் போதுமே என்பார்கள். ஒரே பள்ளியில் இரண்டு பூத் இருக்கும் இடங்களில் தெருப் பிரிவுகளைக் கலந்து போடலாம்தான். ஆனால் வரிசையில் நிற்கவிடாமல் தடுத்த வரலாறு உள்ள ஊர்களில் காலனிக்குத் தனி பூத் கேட்டதே பாதுகாப்புக்காக. அதைப் பறிக்கக் கூடாது. ஆகவே கலப்பு நடக்க வேண்டிய இடம் எண்ணிக்கை மேசை.

விதியை மாற்றும் அதிகாரம் மத்திய அரசிடம் இருப்பது தெரியும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 169-ஆவது பிரிவு உங்களைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. முன்மொழிவை மறுபடி அனுப்புங்கள். அதில் மூன்று விஷயங்கள் விட்டுப்போகக் கூடாது.

முதலாவது, சேர்ப்பதற்கு முன் ஒவ்வொரு யூனிட்டிலும் ‘டோட்டல்’ பட்டனை மட்டும் அழுத்தி, பூத்தில் பதிவான மொத்த ஓட்டைக் குறிக்கும் படிவம் 17சி-யோடு ஒப்பிட வேண்டும். அது மொத்த ஓட்டைத்தான் காட்டும், யாருக்கு எவ்வளவு என்று காட்டாது. வாக்குப்பதிவுக்கு முன் சோதனைக்காகப் போட்ட மாதிரி ஓட்டுகளை அழிக்க மறந்த யூனிட் இங்கேயே பிடிபட்டுவிடும். அதை இப்போது போலவே தனியே வைக்கலாம். பூத் வாரிப் பதிவு எண்ணிக்கையைத் தொடர்ந்து வெளியிட வேண்டும். கள்ள ஓட்டைச் சந்தேகிக்க அந்த எண் அவசியம்.

அடுத்தது, 14 பூத்துகளைப் பாக எண் வரிசையில் கோர்க்காமல் குலுக்கலில் எடுப்பது. வரிசையாகக் கோர்த்தால் ஒரே வட்டாரத்தின் சாய்வு அப்படியே தெரிந்துவிடும்.

மூன்றாவதும் சிக்கலானதும் விவிபாட், அதாவது யாருக்கு ஓட்டு விழுந்தது என்று சீட்டில் அச்சிடும் இயந்திரம். தொகுதிக்கு 5 பூத்தின் சீட்டுகளை எண்ணிப் பார்க்கிறோம். பூத் பூத்தாக எண்ணினால் அந்த 5 ஊரும் மாட்டிக்கொள்ளும். எனவே 5-இன் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்து எண்ணி, அதே 5 யூனிட்டுகளின் கூட்டுத்தொகையோடு ஒப்பிட வேண்டும். வித்தியாசம் வந்தால் மட்டும் பூத் பூத்தாகப் பிரிக்கலாம்.

இப்படிக்கு,
கிராமப்புற பூத்திலும் எண்ணிக்கை மேசையிலும் ஏஜென்ட்டாக உட்காருபவர்கள்